கூப்பன் டப்பாவும் தினசரி காலண்டரும்

ஆதம்பாக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருந்ததைச் சுருக்கினால் இப்படி வரும்: சமையலறை இழுப்பறை நிறைய பில் கூப்பன், போன் நிறைய ஸ்கிரீன்ஷாட். தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஒன்று தேதி முடிந்திருக்கிறது, இல்லையென்றால் 'இந்த ஐட்டத்துக்குச் செல்லாது மேடம்' என்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய ஃபைல் போட்டு அடுக்கி வைத்து மளிகையில் பாதிக்குப் பாதி மிச்சம் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்தேன், சென்னையில் அது நடக்குமா? அப்புறம் கடைசியாக ஒரு வரி, மாமியார் எந்தச் சீட்டையும் தூக்கிப் போட விடுவதில்லை என்று.

மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அந்த ஃபைல் இங்கே வேலைக்கு ஆகாது. நான் இந்த ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். முதலில் பில்லிங், பிறகு ஆஃபர் போடுகிற ஆபீஸ். கடை பேர் வேண்டாம். கூப்பனை அடிக்கிற பக்கமும் இருந்திருக்கிறேன், அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற பக்கமும் நிற்கிறேன், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு கூப்பன் தாள்கள் செருகி வரும், உட்கார்ந்து கத்தரிப்பார்கள். அந்தக் கூப்பன் பெரும்பாலும் சோப்புக் கம்பெனியோ கார்ன்ஃப்ளேக்ஸ் கம்பெனியோ வெளியிடுவது. கடைக்காரர் பில்லில் கழித்துக் கொடுத்துவிட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பினால், கழித்த தொகையும் அதற்கு மேல் கூலியாகச் சில சென்ட்டும் கம்பெனியிடமிருந்து அவருக்கு வந்துவிடும். அவர் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை, அதனால் அநேகமாக எந்தக் கடையிலும் செல்லும், சில இடங்களில் கடையின் சொந்தக் கூப்பனையும் அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். 1887-இல் அட்லாண்டாவில் கோகோ கோலா ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டுக் கொடுத்ததிலிருந்து ஊறிய பழக்கம் அது. இங்கே பாக்கெட்டிலேயே எம்.ஆர்.பி. இருக்கிறது. கம்பெனி தள்ளுபடி தர நினைத்தால் '20 சதவீதம் கூடுதல்', 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பாக்கெட்டின் மேலேயே அடித்துவிடும், நாம் கத்தரிக்க ஒன்றும் இல்லை. நம் கைக்கு வருகிற சீட்டு பெரும்பாலும் கடைக்காரர் தன் காசில் கொடுப்பது. அந்தக் கடையில்தான் செல்லும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைதான் செல்லும், ஒரு பில்லுக்கு ஒன்றுதான். ஆகவே சோப்புக்கு ஒரு பை, பிஸ்கெட்டுக்கு ஒரு பை என்று பொருள் வாரியாக அடுக்கினால் தேடத்தான் நேரம் ஆகும். தேதி வாரியாக, கடை வாரியாக அடுக்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட நல்ல சாதனம் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, உங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் போட்ட தினசரி காலண்டர். கூப்பனின் கடைசித் தேதி 25 என்றால், 22-ஆம் தேதித் தாளின் பின்பக்கம் அதை மடித்து வைத்து ஒரு ஜெம் கிளிப் போடுங்கள். 25-இல் போடாதீர்கள், அன்றைக்கு மழை பெய்யும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கடை சர்வர் படுத்துவிடும், மூன்றும் எனக்கு நடந்திருக்கிறது. மூன்று நாள் முன்னாலேயே கண்ணில் பட்டால்தான் வேறு வேலையாகப் போகும்போது அதையும் முடித்துக்கொண்டு வரலாம். 21-ஆம் தேதித் தாளைக் கிழித்ததும் கிளிப் தெரியும், நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து முடிகிற சீட்டாக இருந்தால் தாளில் பென்சிலால் 'சோப்பு, கவர்' என்று எழுதிவிட்டுச் சீட்டைக் கவரில் போடுங்கள். ஒரே சமயத்தில் ஐந்தாறு கிளிப்புக்கு மேல் தொங்கினால் காலண்டர் கனத்தில் ஆணியோடு வந்துவிடும் என்பது ஒரு பக்கம், அத்தனை கூப்பனை ஒரு வீடு பயன்படுத்த முடியாது என்பது இன்னொரு பக்கம். அதிகமானதை அப்போதே எறிந்துவிடுங்கள்.

கவர் என்றேனே, அதற்கும் கடைக்குப் போக வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய மொய் கவர், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது, எல்லார் வீட்டு பீரோவிலும் நாலைந்து கிடக்கும். மூன்று போதும். நடந்து போகிற கடைக்கு ஒன்று, மாதம் ஒருமுறை வண்டி எடுத்துக்கொண்டு போகிற பெரிய கடைக்கு ஒன்று, மற்றவை எல்லாவற்றுக்கும் ஒன்று. இவை இருக்க வேண்டிய இடம் இழுப்பறை இல்லை, கடைக்கு எடுத்துப் போகிற துணிப்பைக்குள். கவுண்டரில் நான் பார்த்தவரை தேதி முடிந்து வீணான கூப்பனைவிட, 'ஐயோ வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன்' என்று வீணானதுதான் அதிகம். பை மறந்தால் கவரும் மறக்கும், உண்மைதான், ஆனால் 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு பை இல்லாமல் கடைக்குப் போவது நம்மில் பலருக்குக் குறைந்திருக்கிறது.

பில் கூப்பனைப் பற்றி இன்னொன்று. பில்லின் அடியில் சேர்ந்து வருகிற கூப்பன் மை போட்டு அச்சடித்தது இல்லை, சூடு பட்டால் கறுக்கிற தெர்மல் காகிதம். அடுப்புக்கு மேலே இருக்கிற அலமாரியில் வைத்தால் முழுக்கக் கறுத்துவிடும், ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், பளபளவென்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும். என் நாத்தனார் அக்கறையாக ஒன்றை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார், கறுப்பு அட்டை ஒன்றுதான் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பார்கோடு நம்பர் தெளிவாக விழ வேண்டும். சீட்டு மங்கிப் போனாலும் நம்பரைத் தட்டிப் போட்டுக் கொடுக்கிற கேஷியர்கள் உண்டு. அந்தக் காகிதத்தில் சாப்பிடுகிற எதையும் வைத்துக் கொடுக்காதீர்கள், அதில் இருக்கிற ரசாயனம் உடம்புக்கு ஆகாது.

போனில் இருக்கிற நூறு ஸ்கிரீன்ஷாட்டில் எண்பதை இன்றைக்கே அழிக்கலாம். ஆப்புக்குள் இருக்கிற கூப்பன் ஆப்புக்குள்ளேயே இருக்கும், பணம் கட்டுகிற இடத்தில் தானாகக் காட்டும், அதைப் படம் எடுத்து வைப்பது வீண். மெசேஜில் வருகிற கூப்பன் கோடு மட்டும்தான் தொலையும். அதற்கு வீட்டுக்காரரும் நீங்களும் மட்டும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு போதும், முடிகிற தேதியை முதலில் எழுதி அனுப்பிவிடுங்கள், காலண்டரிலும் பென்சிலால் ஒரு குறி. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினால் வருகிற சுரண்டல் கார்டை நான் சுரண்டி ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டு மறந்துவிடுவேன், காசாக வந்தால் சரி, வேறு ஏதோ கம்பெனியின் தள்ளுபடிக் கோடாக வந்தால் அது விளம்பரம்.

பாயின்ட் சேர்க்கிற கடைகளில் வீட்டுக்கு ஒரே நம்பர் கொடுங்கள். கணவர் போனால் அவர் நம்பர், பையன் போனால் அவன் நம்பர் என்று சிதறினால் மூன்று பேரிடமும் 40, 60 என்று நின்றுபோய், மாற்றிக்கொள்கிற அளவு யாரிடமும் சேராமல், வருஷம் முடிந்ததும் கழிந்துவிடும். பாயின்ட் வேண்டாத கடையில் நம்பர் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-இலேயே மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருக்கிறது.

இனி ஆபீஸ் பக்கத்துக் கதை. உங்கள் கையில் இருக்கிற சீட்டில் '2,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 200 கழிவு' என்று போட்டிருக்கிறதா? அந்த 2,500 எங்கிருந்து வந்தது தெரியுமா? நாங்கள் உட்கார்ந்து போன மாத பில்களின் சராசரியைப் பார்ப்போம், 2,100 என்று வந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே கோட்டைப் போடுவோம். ரொம்ப மேலே போட்டால் விட்டுவிடுவார்கள், எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், அதே சமயம் எட்டுவதற்கு இன்னொரு பாக்கெட் எடுக்க வேண்டும். தேதியும் அப்படித்தான். சம்பள வாரத்தில் நீங்கள் எப்படியும் வருவீர்கள், அப்போது கூப்பன் கொடுத்துவிட்டு 12-இலிருந்து 22 வரை செல்லும் என்று போடுவோம், கடை காற்று வாங்குகிற நாட்கள் அவை. இதில் சூழ்ச்சி என்று கோபப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. நம் கணக்கை நாம் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். வீட்டில் எழுதிய லிஸ்டுக்கு 2,100 ரூபாய் ஆகிறது. கூப்பனுக்காக இன்னும் 400-க்கு எடுக்கிறீர்கள், 200 கழிகிறது, 2,300 கொடுத்துவிட்டு வருகிறீர்கள். பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது 200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பர்ஸிலிருந்து போனது 200 கூடுதல். அந்த 400 ரூபாய்க்கு எடுத்தது அடுத்த மாதம் எப்படியும் வாங்கப் போகிற பற்பசையும் துணி சோப்பும் என்றால் உங்களுக்கு 200 உண்மையான லாபம், ஏனென்றால் 400 பெறுமான பொருள் 200-க்கு வந்திருக்கிறது. சாக்லேட், சிப்ஸ், புதிதாக வந்த ஏதோ சூப் பவுடர் என்றால் லாபம் கடைக்கு. அதனால் என் வீட்டில் கூப்பனைப் பார்க்காமல்தான் மளிகை லிஸ்ட் எழுதுவோம். எழுதி முடித்த பிறகுதான் கவர் வெளியே வரும். லிஸ்டுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, 'கூப்பன் தொகைக்குக் குறைந்தால் எடுக்க வேண்டியவை' என்று நாலு சாமான் எழுதி வைத்துக்கொள்வேன். கெடாதவையாக இருக்கும்: புளி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, சீரகம், பற்பசை. கவுண்டரில் நின்றுகொண்டு என்ன எடுப்பது என்று முழித்தால், பக்கத்திலேயே சாக்லேட் தட்டு இருக்கும், அதை அங்கே வைத்ததும் நாங்கள்தான்.

லிஸ்ட் பெரிதாக இருந்தால் தலைகீழாகவும் செய்யலாம். 5,000 ரூபாய்க்கு வாங்கி ஒரே கூப்பன் கொடுப்பதற்குப் பதில், 'இரண்டு பில்லாப் போடுங்க' என்று முன்னாடியே சொல்லித் தள்ளுவண்டியில் சாமான்களைப் பிரித்து வைத்தால் இரண்டு கூப்பன் செல்லும். ஒரு நம்பருக்கு நாளைக்கு ஒன்றுதான் என்று நிபந்தனை இருக்கிறதா என்று சீட்டின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பனை பில் போட ஆரம்பிக்கும்போதே நீட்டிவிடுங்கள். மொத்தம் போட்டுப் பணம் வாங்கிய பிறகு நீட்டினால் கேஷியரால் அதை அவிழ்க்க முடியாது, சூப்பர்வைசர் வர வேண்டும், பின்னால் நிற்பவர்கள் உங்களைத் திட்டுவார்கள், கூப்பனும் செல்லாது.

பில்லை வாசலைத் தாண்டுவதற்கு முன் படியுங்கள். போன வருஷம் ஒரு கடையில் எனக்கே நடந்தது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போட்ட ஷாம்பு இரண்டு எடுத்திருந்தேன், 150 ரூபாய்க் கூப்பனும் கொடுத்தேன், 150 அழகாகக் கழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு ஷாம்புக்கும் முழு விலை. கூப்பன் போட்டதும் மற்ற ஆஃபர் தானாக விழுந்துவிடுகிற மாதிரி அவர்கள் கணினியில் வைத்திருந்தார்கள், சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் போய்க் கேட்டதற்கு 'சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது மேடம்' என்றார்கள். ஒன்பது வருஷம் அதே வசனத்தைச் சொன்னவள் நான், என்ன பதில் சொல்வது? இப்போது கூப்பனை முதலிலேயே காட்டிவிட்டு, அதைக் கழிப்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறேன்.

'இந்த ஐட்டத்துக்குச் செல்லாது' என்று உங்களிடம் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அரிசி, சர்க்கரை, எண்ணெய், பருப்பு, நெய் இவற்றில் கடைக்கு லாபம் மெலிசு, அதனால் பெரும்பாலான பில் கூப்பன்கள் இவற்றைத் தொகையில் சேர்த்துக்கொள்ளாது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும், 2,500 ஆகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், அவர்கள் கணக்கில் 1,300-தான் ஆகியிருக்கும். கைக்குழந்தைப் பால் பவுடருக்கு எங்கேயும் கூப்பன் கிடைக்காது. அது கடையின் கஞ்சத்தனம் இல்லை, தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கிற பவுடருக்குத் தள்ளுபடி காட்டி விற்கக் கூடாது என்று 1992-இலிருந்து சட்டமே இருக்கிறது. ஆபீசில் கொடுக்கிற சாப்பாட்டுக் கார்டு வைத்திருந்தால், முன்பு சோடெக்ஸோ, இப்போது ப்ளக்ஸி என்று பேர், அது சாப்பிடுகிற சாமான்களுக்கு மட்டும்தான். அரிசி, பருப்பை அதில் ஒரு பில்லாகவும், கூப்பன் செல்கிற சோப்பு, ஷாம்பு, ஃபினாயிலைக் கையிலிருந்து இன்னொரு பில்லாகவும் போடச் சொன்னால் இரண்டுமே வீணாகாது.

கூப்பனைவிட முக்கியமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும், விலை நோட்டு. வீட்டில் மாதாமாதம் வாங்குகிற சாமான் ஏறக்குறைய இருபத்தைந்துதான் இருக்கும், எழுதிப் பாருங்கள், அதற்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் இதுவரை பார்த்ததில் குறைந்த விலை, எந்தக் கடை, எந்த மாதம். இது இல்லாமல் '25 சதவீதம் தள்ளுபடி' என்பதற்கு அர்த்தமே இல்லை, எதிலிருந்து 25? அதே சாமான் பக்கத்துத் தெருவில் எம்.ஆர்.பி.யிலிருந்து 30 குறைத்து எப்போதுமே விற்கலாம். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைந்தபோது சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-இலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய், வெண்ணெய் 12-இலிருந்து 5-க்கும் வந்தன. அதற்கு முன் எழுதிய விலைகள் இருந்தால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் வரி குறைந்ததையே ஆஃபர் என்று நினைத்துக்கொள்வோம்.

நோட்டில் பாக்கெட் விலையை எழுதாதீர்கள், கிலோ விலையை எழுதுங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் என்றால் 910 கிராம். ஆனால் அதே உயரம், அதே அகலத்தில் 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகளும் அடுக்கில் இருக்கும், கூப்பனும் அநேகமாக அவற்றுக்குத்தான் இருக்கும். உதாரணத்துக்கு 850 கிராம் 150 ரூபாய், 910 கிராம் 156 ரூபாய் என்று வையுங்கள். முதலாவது நூறு கிராமுக்கு 17 ரூபாய் 65 காசு, இரண்டாவது 17 ரூபாய் 14 காசு. விலை அதிகமாகத் தெரிவதுதான் மலிவு. இந்தக் கணக்கை நீங்கள் போடக்கூட வேண்டாம், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒரு சிக்கல், ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலை இருக்கும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோ விலை இருக்கும். 0.17 என்றும் 165 என்றும் பார்த்தால் எது குறைவு என்று சட்டெனத் தெரியாது, முதலாவதை ஆயிரத்தால் பெருக்குங்கள், 170.

வாங்கிக் குவிப்பது பற்றி, என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 5 கிலோ கோதுமை மாவு வாங்கினால் 1 கிலோ இலவசம், அதன்மேல் கூப்பன் வேறு. மூன்று வாங்கிப் பரண்மேல் ஏற்றினேன், அக்டோபர் கடைசி. நம் ஊர் ஐப்பசி ஈரம் தெரியுமே, தீபாவளி பட்சணம் எல்லாம் முடிந்து கார்த்திகையில் இரண்டாவது மூட்டையைப் பிரித்தால் மாவு நூல் நூலாகத் தொங்குகிறது, உள்ளே புழு. பதினெட்டு கிலோவில் பத்துக்கு மேல் போயிற்று. இப்போது மாவு, ரவை, மைதா எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் கிடையாது, ரவையை வந்தவுடன் வறுத்துவிடுவேன். சோப்பு, சலவைத் தூள், உப்பு, புளி, மிளகு, இவற்றைக் கூப்பன் இருக்கும்போது மூன்று மாதத்துக்கு வாங்கினாலும் கேடில்லை. சோப்பைத் துணி பீரோவில் வைத்தால் பீரோவும் மணக்கும். டப்பாவின் அடியில் வாங்கிய மாதத்தை ஒரு பேனாவால் எழுதிவிடுங்கள், பழையது முன்னால், புதியது பின்னால், கடையில் அடுக்குகிற அதே முறைதான்.

காய்கறிக்கு வருகிற கூப்பனை நான் கண்டுகொள்வதே இல்லை. தக்காளி கிலோ 9 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போடுவது உங்களை உள்ளே இழுப்பதற்கு. தக்காளி உண்மையாகவே 9 ரூபாய்தான், ஆனால் அது கடையின் கடைசி மூலையில் இருக்கும், அங்கே போய் வருவதற்குள் வேறு நாலு சாமான் கூடையில் ஏறிவிடும்.

இதுவரை சொன்ன எல்லாக் கூப்பனையும் சேர்த்தாலும், எட்டாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்குகிற வீட்டில் மாதம் ஐந்நூறு மிச்சம் வந்தால் பெரிய விஷயம். வீடியோவில் வருகிற மாதிரி தள்ளுவண்டி நிறைய சாமானுக்கு நாலு ரூபாய் பில் இங்கே வராது. ஆனால் சென்னையில் இருக்கிற இரண்டு பெரிய கூப்பன்களை நம் ஆட்கள் கூப்பன் என்றே நினைப்பதில்லை. ஒன்று ரேஷன் ஸ்மார்ட் கார்டு. அரிசியை வாங்குவதில்லை என்றாலும் பருப்பையும் பாமாயிலையும் விடாதீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், வெளியில் இரண்டுமே நூறைத் தாண்டும், இந்த இரண்டில் மட்டுமே மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும். வடை, அப்பளம் பொரிக்கப் பாமாயில் போதும் என்பது என் கட்சி, எங்கள் வீட்டில் எதிர்க்கட்சியும் உண்டு. எல்லா நாளும் சரக்கு இருக்காது, டி.என்.இ.பி.டி.எஸ். செயலியில் உங்கள் கடையின் இருப்பைப் பார்த்துவிட்டுப் போனால் வீண் நடை இல்லை. பொங்கலுக்கு முன்னால் வீடு தேடிக் கொடுக்கிற டோக்கனையும் அதே காலண்டரில் கிளிப் போட்டு வையுங்கள், அதில் உங்களுக்கான நாளும் நேரமும் இருக்கும், ஆனால் இதை மூன்று நாள் முன்னால் இல்லை, அன்றைய தாளிலேயே.

இன்னொன்று ஆவின் மாதாந்திர அட்டை. முன்பணம் கட்டி அட்டை வாங்கினால் பால் விலை குறைவு. எவ்வளவு என்றால், 2022 நவம்பரில் ஆரஞ்சுப் பாக்கெட் சில்லறை விலை லிட்டர் 60 ஆனபோது அட்டைக்காரர்களுக்கு 46-லேயே நின்றது. நாளுக்கு அரை லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு அந்தக் கணக்கில் மாதம் 210 ரூபாய். எதையும் கத்தரிக்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. அட்டையைப் புதுப்பிக்கிற தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள், தவறினால் அடுத்த மாதம் முழுக்கச் சில்லறை விலைதான்.

தெருமுனை அண்ணாச்சி கடையை விட்டுவிடாதீர்கள். கூப்பன் கிடையாது, பாயின்ட் கிடையாது. ஆனால் 50 கிராம் கடுகு வேண்டுமென்றால் 50 கிராம்தான் வாங்குவீர்கள், 2,500-க்கு ஏற்ற மாட்டீர்கள், மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்வார், கொத்தமல்லி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. மொத்த லிஸ்டைக் கொடுத்து 'பார்த்துப் போடுங்க அண்ணாச்சி' என்றால் எம்.ஆர்.பி.யிலிருந்து இரண்டு மூன்று சதவீதம் குறைத்துத்தான் போடுவார். ஆட்டோ செலவைக் கழித்துப் பார்த்தால் பெரிய கடையின் கூப்பன் பல மாதங்களில் அதற்கு மேல் வருவதில்லை, என் விலை நோட்டே சாட்சி.

வாட்ஸ்அப்பில் '500 ரூபாய் மளிகை வவுச்சர், லிங்கைத் தட்டி பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வந்தால் தட்டாதீர்கள். பண்டிகை சமயத்தில் பெரிய கடைகளின் பேரைப் போட்டு நிறையச் சுற்றும். ஓ.டி.பி. கேட்கிற எதுவும் கூப்பன் இல்லை. தெரியாமல் தட்டிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். ஆஃபர் போட்டுவிட்டுக் கொடுக்க மாட்டேன் என்கிற கடை மேல் புகார் என்றால் 1915.

சரி, மாமியார் விஷயம். அவரோடு சண்டை போடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது பெரியவர்கள்தான், உங்கள் வீட்டிலும் அவராகத்தான் இருப்பார். இழுப்பறையை அவர் முன்னால் கொட்டி, தேதி முடியாதவற்றை எடுத்துக் காலண்டரில் கிளிப் போடுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் படிக்கிற மாதிரி எறும்பு எழுத்தை நாம் படிக்க மாட்டோம். எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போதே தாள் கிழிகிற சத்தத்தோடு என் மாமியார் குரல் வந்துவிடும்: "இந்தாம்மா, இன்னிக்குச் சந்திராஷ்டமம், வண்டியை மெதுவா ஓட்டு. அப்புறம் அந்த டிடர்ஜென்ட் சீட்டு வெள்ளிக்கிழமையோட முடியுதாம்."